தையலும் தையலாரும்

தமிழில் 'தையல்' என்னும் சொல் ஊசியும் நூலும் கொண்டு செய்யும் தொழிலைக் குறிக்கும், அழகினைக் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். ஒரே சொல்லில் தொழிலும் அழகும் அதனைச் செய்பவளும் அடங்கியிருப்பது நம் மொழியின் சிறப்புகளுள் ஒன்றாகும். அவ்வாறே 'நூல்' என்பது பஞ்சிலிருந்து திரிக்கும் இழைக்கும் பெயர். புலவன் இயற்றும் ஏட்டுக்கும் பெயர். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் இவ்விரு பொருளையும் இணைத்து ஓர் உருவகம் அமைத்துள்ளார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, வாயே கை, அறிவே கதிர். இவ்வுருவகத்தில் நூல் நூற்கும் பெண்ணின் இடத்தில் புலவனை வைக்கிறார் அவர். நூல் செய்யும் அறிஞனுக்கு அளவுகோலாக நூல் நூற்கும் பெண்ணையே இலக்கணம் எடுத்துக்காட்டுகிறது.

இந்நூற்பாவை வகுப்பறையில் பலமுறை நடத்துகிறோம். உவமையின் ஒரு பக்கமாகிய புலவரின் பெயர்களை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவர்தம் காலத்தையும் ஊரையும் ஆராய்கிறோம். மறுபக்கமாகிய பெண்ணின் வரலாற்றை எவரும் கேட்பதில்லை. துணியில் பூவும் கொடியும் எழுதிய கைகள் எவை? அத்தொழில் எவ்வாறு தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது? எந்தச் சூழலில் அது வாழ்ந்தது, எந்தச் சூழலில் தளர்ந்தது? தமிழகத்தின் மூன்று இடங்களையும் நாம் வாழும் சிங்கப்பூரையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

பண்டைத் தமிழர் வாழ்வில்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதை புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துகிறது. நுண்ணிய ஆடை நெய்யும் காருகரும், துணி தைக்கும் துன்னகாரரும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். தைத்தல் ஒரு தனித் தொழிலாக, தனி இருக்கை பெற்ற தொழிலாக அந்நாளிலேயே விளங்கியது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பொருநராற்றுப்படையில் இரண்டு ஆடைகள் வருகின்றன. ஒன்று, கரிகாற் பெருவளத்தானைக் காணச் சென்ற பொருநன் உடுத்திருந்த கந்தல். வியர்வையில் நனைந்து, வேறு வேறு இழைகளால் ஒட்டுப்போடப்பட்டது. மற்றொன்று, மன்னன் வழங்கிய ஆடை. இழை போன வழியைக் கண்ணால் காண இயலாத நுண்மையும் பூவேலைப்பாடும் உடையது. பாம்பின் தோலைப் போன்றது. வறுமையின் ஆடையும் வளமையின் ஆடையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. கந்தலைத் தைத்ததும் ஓர் ஊசியே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

புறநானூற்றில் 'பருத்திப் பெண்டு' என்றொரு பெண் தோன்றுகிறாள். இரவில் காட்டுப்பூனையைக் கண்டு ஒரு பெட்டைக்கோழி அஞ்சி அலறுகிறது. குப்பையைத் தட்டிப் புடைக்க எழுந்த பருத்திப் பெண்டின் சிறு விளக்கொளியில் கோழியின் அச்சம் தணிகிறது. வீட்டு வேலைகள் எல்லாம் முடிந்து ஊர் உறங்கிய பின்னர், சிறு விளக்கின் முன் பஞ்சோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் ஓவியம் இது. அவளுக்குப் பெயர் இல்லை. ஆயினும் பெண்களின் கைத்தொழில் வரலாறு முழுவதற்கும் பொருந்தும் இரண்டு உண்மைகளை இப்பாடல் காட்டிவிடுகிறது. ஒன்று, அவர்கள் எஞ்சிய நேரத்தில் உழைத்தனர். மற்றொன்று, பெயரின்றி உழைத்தனர்.

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய நிலையன்று. 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை நார்மானியர் வென்ற வரலாற்றை, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள துணியில் கம்பளி நூலால் தைத்து வைத்துள்ளனர். பேயோ திரைச்சீலை என்று உலகம் போற்றும் அத்துணியில் மன்னர் பெயரும் தளபதியர் பெயரும் உள்ளன. தைத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

நீலமலையின் பூத்துக்குளி

தமிழகத்தில் இடையறாது வாழ்ந்துவரும் பூத்தையல் எது என்று வினவினால், நீலகிரியில் வாழும் தோடர்களின் தையலையே முதலில் சுட்டல் வேண்டும். தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே கொண்ட சிறிய இனத்தார், எருமை வளர்ப்போர். அவர்தம் மொழி திராவிட மொழிகளுள் ஒன்று. தம்மை அவர்கள் குறிக்கும் சொல், நம் 'ஆள்' என்னும் சொல்லோடு ஒரே வேர் உடையது என்பர் மொழிநூலார். 1901–02ஆம் ஆண்டுகளில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்பார் 1906இல் வெளியிட்ட நூலும், 1930களில் அவர்தம் மொழியையும் பாடல்களையும் திரட்டிய எமனோவின் ஆய்வுகளும் அவ்வினத்தாரை உலகறியச் செய்தன.

தோடர்கள் துணி நெய்வதில்லை. வெளியிலிருந்து வாங்கும் வெண்ணிறப் பருத்தித் துணியில், சிவப்பு, கறுப்பு நூல்களைக் கொண்டு அவர்தம் பெண்கள் தைக்கின்றனர். சில வேளைகளில் நீலமும் சேர்வதுண்டு. இவ்வாறு தைத்த போர்வைக்குப் பூத்துக்குளி என்பது பெயர். ஆடவரும் பெண்டிரும் அதனைத் தோளில் போர்த்துக்கொள்வர்.

அத்தையலின் முறை வியப்பிற்குரியது. துணியில் கோலத்தை முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமோ வளையமோ கிடையாது. நெசவின் இழைகளைக் கண்ணாலும் விரலாலும் எண்ணி, இத்தனை இழைக்கு ஒருமுறை என்று ஊசியை ஓட்டுவர். எண்ணிக்கை ஓரிடத்தில் பிழைத்தால் கோலம் முழுவதும் பிழைக்கும். துணியின் அடிப்பக்கத்திலிருந்தே தைக்கின்றனர். ஊசி திரும்பும் இடங்களில் நூலைச் சிறிது தளர்த்தி விடுவதால், மேடுபள்ளமாகப் புடைத்த ஒரு பரப்பு உண்டாகிறது. பிறர் பின்புறம் என்று கருதக்கூடிய அப்புடைத்த பக்கத்தையே தோடர்கள் துணியின் நல்ல பக்கமாகக் கொள்வர். தொலைவிலிருந்து காண்போர்க்கு அது தைத்ததாகத் தோன்றாது. தறியில் நெய்ததாகவே தோன்றும். எருமைக் கொம்பும் ஞாயிறும் திங்களும் மலரும் அதில் கோலங்களாக அமைகின்றன.

இத்தையலுக்குத் தோடர் வாழ்வில் உள்ள இடத்தை நோக்குதல் வேண்டும். அவர்களுக்கு எருமைப் பாலே புனிதம், பால்மனையே கோயில். அப்பால்மனைக்குள் பெண்கள் செல்லுதல் கூடாது. அங்கு நிகழும் வழிபாட்டில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆயினும் விழா நாளில் ஆடவன் தோளில் விளங்குவது பெண் தைத்த போர்வை. ஒருவர் இறந்தால் அவருடலைப் பொதிவதும் பெண் தைத்த போர்வையே. வழிபாட்டு மனையின் வாயில் அடைக்கப்பட்டவள், வாழ்வின் தொடக்கம் முதல் முடிவு வரை அனைவரையும் தன் கைவேலையால் போர்த்தி நிற்கிறாள்.

பூத்துக்குளி வாழ்வதற்குக் காரணம் யாது? அதனை உடுத்தும் வேளைகள் இன்றும் உள்ளன என்பதே முதற்காரணம். சடங்கும் விழாவும் இறுதிக்கடனும் அதனை வேண்டி நிற்கின்றன. தைத்ததை உடுத்துகின்றனர், உடுத்துவதால் மீண்டும் தைக்கின்றனர். 2013ஆம் ஆண்டில் தோடர் பூத்தையலுக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அக்குறியீடு, தோடர் அல்லாதார் தம் பொருளை அப்பெயரால் விற்பதைத் தடுக்கும் ஓர் உரிமையாகும். எனினும் அக்கோலங்களை இயந்திரத்தில் அச்சிட்டும் நெய்தும் மலிவாக விற்போர் உளர். கோலத்தைப் பார்த்து எடுப்பது எளிது. இழையெண்ணும் கல்வியை எடுப்பது அரிது. வாங்குவோர் இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறியும்போதுதான் குறியீடு பயன் தரும்.

நாஞ்சில் நாட்டில் விடுதலையின் விலை

தமிழகத்தின் தென்கோடியில் நூலுக்கு வேறொரு வரலாறு உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. அந்நாளில் அங்கு அடிமை முறை இருந்தது. மனிதரை நிலத்தோடு விற்றனர், வாங்கினர்.

1819ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பார் தம் துணைவியார் மார்த்தா மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்தார். பெண்களுக்குப் பள்ளி அமைத்த மார்த்தா அம்மையார், 1820களில் அங்கு 'லேஸ்' என்னும் நூற்பின்னற் கலையைக் கற்பித்தார். ஊசித்தையலும் பள்ளியில் இடம்பெற்றது. இவ்வேலைப்பாடுகளை ஐரோப்பியக் குடும்பத்தினர் விலை கொடுத்து வாங்கினர். கூலி பெண்களின் கைக்கே சென்றது. அடிமைப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் அக்கூலியைச் சேமித்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் குறித்துள்ளன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே சில பெண்கள் நூலைக் கொண்டு தம் கட்டை அறுத்துக்கொண்டனர்.

அதே நாட்டில், அதே நூற்றாண்டில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் மேலாடை அணிவதற்கும் தடை இருந்தது. நீண்ட போராட்டத்தின் பின்னர் 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பினால் நாடார் குலப் பெண்களுக்கு அவ்வுரிமையில் ஒரு பகுதி கிட்டியது. துணி என்பது அழகுப் பொருள் மட்டும் அன்று. மானத்தின் எல்லையும் அதுவே. துணியைப் போர்த்தும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்ட நாட்டில், துணிக்கு விளிம்பு பின்னிய பெண்கள் விடுதலை பெற்றனர் என்பது வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. அக்கலை அப்பகுதிக்குப் புதியது. கடல் கடந்து வந்தது. ஆயினும் தலைமுறைகள் கடந்து அது குமரி மாவட்டத்துப் பெண்களின் கைத்தொழிலாகவே ஆகிவிட்டது. எனவே, பழமை ஒன்றே ஒரு கலைக்கு உரிமைச்சீட்டு ஆகாது. கற்ற கையும் பெற்ற பயனுமே அதனை ஒரு மண்ணுக்கு உரியதாக்குகின்றன.

சிங்கப்பூரின் ஊசியும் மணியும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1854ஆம் ஆண்டு பிப்ரவரியில் மதிலா ராக்லோ அம்மையாரின் தலைமையில் நான்கு கன்னியர் சிங்கப்பூருக்கு வந்தனர். விக்டோரியா தெருவில் அவர்கள் அமைத்த கான்வென்ட்டில் பள்ளியும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லமும் இருந்தன. வாயிலில் விட்டுச் செல்லப்பட்ட பெண் குழந்தைகள் பலர் அங்கு வளர்ந்தனர். தையலும் பூத்தையலும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அவ்வேலைப்பாடுகளின் விற்பனை இல்லத்தின் செலவுக்கு உதவியது. 1983இல் பள்ளி அவ்விடம் விட்டுப் பெயர்ந்தது. இன்று சைம்ஸ் என்னும் பெயரில் உணவகங்களும் கடைகளும் நிறைந்து விளங்கும் அக்கட்டடத்தில், ஒரு காலத்தில் பெயரறியாச் சிறுமியர் குனிந்த தலையுடன் ஊசி பிடித்திருந்தனர்.

இதே நகரத்தில் மற்றொரு மரபும் செழித்திருந்தது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியிருப்புகளில் வாழ்ந்த பெரனாக்கான் சீனரின் பெண்கள் நோன்யா எனப்பட்டனர். அவர்தம் கைவேலைகளுள் தலையாயது 'காசுட் மானேக்' எனப்படும் மணிச்செருப்பு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், ஐரோப்பாவிலிருந்து வந்த மிகச் சிறிய கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துத் தைப்பர். மலரும் பறவையும் வண்டும் பல நிறங்களில் உருப்பெறும். ஒரு சோடிச் செருப்பின் மேற்பகுதியை முடிக்க வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். திருமணத்திற்கு முன் மணமகள் தன் கையால் மணமகனுக்குச் செருப்புத் தைத்தல் வழக்கம். அவளுடைய பொறுமையையும் ஒழுங்கையும் அதனைக் கொண்டே பெரியோர் மதிப்பிட்டனர்.

இங்கு ஒரு கேள்வியை நேர்மையாக எழுப்புதல் வேண்டும். அம்மணிவேலை அத்துணைச் செம்மையாக அமைந்ததற்குக் காரணம் என்ன? பருவமெய்திய பெண்ணை வீட்டைவிட்டு வெளியே விடாத வழக்கமே பெரும் காரணம். பள்ளி இல்லை; வெளியுலகம் இல்லை; ஊசியும் அடுப்புமே அவளுடைய உலகம். நீண்ட பகல்களை அவள் மணிகளாக எண்ணினாள். இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் பள்ளிக்குச் சென்றனர்; அலுவலகங்களுக்குச் சென்றனர். 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானிய ஆட்சி பழைய குடும்பங்களின் செல்வத்தைக் குலைத்தது. பன்னிரண்டு நாள் திருமணம் ஒரு நாளாகச் சுருங்கியது. மணிச்செருப்பும் அருகியது. இதனை இழப்பு என்று மட்டும் கூறுதல் நீதியாகுமா? கலை வாழ்ந்த காலத்தில் அக்கலைக்குரியவள் வாழ்ந்தாளா என்று கேட்காமல் பழமையைப் போற்றுவது அரைகுறை வரலாறாகும்.

ஆயினும் கலை அழியவில்லை. இன்று காத்தோங் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் பெண்கள் மணிவேலை வகுப்புகளுக்குச் செல்கின்றனர். மூத்தவர் சொல்லிக் கொடுக்க, படித்த பெண்களும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெண்களும் கற்கின்றனர். முன்பு கட்டாயத்தால் தைத்தனர். இன்று விருப்பத்தால் தைக்கின்றனர். ஆர்மீனியன் தெருவில் முன்னாள் தாவ் நான் பள்ளிக் கட்டடத்தில் 2008இல் திறக்கப்பட்டு, புதுப்பிப்புக்குப் பின் 2023இல் மீண்டும் திறக்கப்பட்ட பெரனாக்கான் அரும்பொருளகத்தில் பழைய மணிவேலைகளைக் காணலாம். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கண்ணாடிப் பேழையின் முன் நின்று மேற்கூறிய கேள்வியையும் கேட்பாராக.

நோன்யா அணியும் கெபாயா என்னும் மேலாடையும் பூத்தையலுக்குப் பெயர்பெற்றது. மெல்லிய துணியின் விளிம்புகளில் மலர்க்கொடிகளைத் தைத்து, இடையிடையே துணியைத் துளைத்து வலைபோல் ஆக்குவர். இதில் கையால் தைத்ததும் உண்டு. கால்மிதி இயந்திரத்தில் துணியைக் கையால் நகர்த்தித் தைத்ததும் உண்டு. கால்மிதி இயந்திரத்தைப் பழித்தல் தகாது. அங்கே கோலம் தைப்பவள் கையிலேயே இருக்கிறது. இயந்திரம் அவளுக்கு மற்றோர் ஊசி. கணினி இயக்கும் இயந்திரத்தில்தான் கோலம் கையை விட்டு நீங்குகிறது. புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாக முன்மொழிந்ததன் பேரில், 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ கெபாயாவை மனிதகுலத்தின் புலனாகா மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 2020இல் இடம்பெற்ற உணவங்காடிக் கலாசாரத்திற்குப் பின் அப்பட்டியலில் சிங்கப்பூர் பெற்ற சிறப்பு இது.

கெபாயா நமக்கு அயலாரின் ஆடை என்று எண்ணுதல் வேண்டா. மலாக்காச் சுல்தான்களின் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கியோரின் வழித்தோன்றல்கள் மலாக்காச் செட்டிகள். சிங்கப்பூரிலும் அவர்கள் உளர். சைவ சமயத்தை அவர்கள் விடவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. அவர்தம் பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் அணிந்தனர். வீட்டு மொழி மட்டும் தமிழிலிருந்து மலாயாக மாறிவிட்டது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், 2018இல் இச்சமூகத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. வழிபாடும் உணவும் உடையும் நின்றன, மொழி நிற்கவில்லை. ஏன்? வழிபாட்டிற்கும் உடைக்கும் வீட்டில் நாள்தோறும் இடம் இருந்தது. தமிழுக்கு வீட்டில் பேசுவோர் இல்லாமற் போயினர். இச்செய்தியைத் தமிழாசிரியர் இருமுறை சிந்தித்தல் நன்று.

சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு மீட்பு

வழக்கொழிந்த தையல் மீண்டும் உயிர்பெறுமா? பெறும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு சான்றாக உள்ளது. அங்கே லம்பாடிகள் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் எருதுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி, நாடெங்கும் கொண்டுசென்ற வணிகர். புகைவண்டியும் சாலையும் வந்தபின் அத்தொழில் வீழ்ந்தது. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், அலைந்து வாழ்ந்த இனங்கள் பலவற்றின் மீது பழியையும் சுமத்தியது. கண்ணாடித் துண்டும் சோழியும் பல நிற நூலும் சேர்த்துத் தைத்த பாவாடையும் மேலாடையும் அப்பெண்களின் அடையாளமாக இருந்தன. காலப்போக்கில் இளம் பெண்கள் புடைவைக்கு மாறினர். உடுத்துவது நின்றது, தைப்பதும் நின்றது. பழைய தையல் வகைகளை அறிந்த மூதாட்டியர் ஓரிருவரே எஞ்சினர்.

அப்பள்ளத்தாக்கில் 1993ஆம் ஆண்டில் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் பழங்குடியினர்க்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். நோயைத் தீர்த்தால் மட்டும் போதாது, வருவாயும் வேண்டும் என்பதை உணர்ந்தபோது, லம்பாடிப் பெண்களின் தையல் நினைவுக்கு வந்தது. மூதாட்டியர் ஆசிரியர் ஆயினர். இளம் பெண்கள் மாணவியர் ஆயினர். 'போர்கை' என்னும் பெயரில் ஒரு கைவினை அமைப்பு உருவாயிற்று. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமை' என்பது பொருள். பெண்கள் வீட்டிலிருந்தே தைக்கலாம்; வயல்வேலைக்காகப் பிழைப்பைத் தேடி வெளியூர் செல்லும் தேவை குறையும். பழைய ஆடைக்கு மாறாகப் பை, உறை, சட்டை, சேலை முதலியவற்றில் அத்தையல் இடம்பெற்றது. கோலம் பழையது; கொள்கலம் புதியது.

குஜராத்தின் கட்ச் பகுதியிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1969இல் அங்கு வறட்சி நேர்ந்தபோது சந்தா ஷ்ராஃப் அம்மையார், ஊர்ப்பெண்கள் கைநீட்டி உதவி பெறத் தயங்கியதையும் உழைத்துப் பெற விரும்பியதையும் கண்டார். அப்பெண்களின் பூத்தையலையே வாழ்வாதாரமாக்கும் நோக்கில் 'சுருஜன்' அமைப்பு தோன்றியது. பாலஸ்தீனத்துப் பெண்களின் பூத்தையலை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒவ்வோர் ஊருக்கும் தனிக்கோலம் உண்டு. ஊரை இழந்து ஏதிலிகளான பெண்களும் தம் ஊரின் கோலத்தை உடையில் தைத்து வைத்துள்ளனர். நிலம் பறிபோன பின்னும் நூலில் ஊர் நிற்கிறது.

வழக்கும் வாழ்வும்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில உண்மைகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, பூத்தையல் உடுத்தும் வேளையைச் சார்ந்தே வாழ்கிறது. தோடரின் சடங்கு நின்றிருந்தால் பூத்துக்குளியும் நின்றிருக்கும். நோன்யாத் திருமணம் சுருங்கியதும் மணிச்செருப்பு சுருங்கியது. லம்பாடிப் பெண்கள் உடை மாற்றியதும் அவர்தம் தையல் வழக்கொழிந்தது. 'வழக்கு' என்பது நம் இலக்கண நூல்கள் போற்றும் சொல். சொல்லுக்கு வழக்கே உயிர் என்பது நாம் அறிந்தது. கைத்தொழிலுக்கும் அஃது ஒக்கும்.

இரண்டாவது, நியாயமான கூலியின்றி எந்தக் கைத்தொழிலும் நெடுநாள் நில்லாது. நாகர்கோவிற் பெண்கள் விடுதலை பெற்றதும் சிட்டிலிங்கிப் பெண்கள் வெளியூர்ப் பயணம் தவிர்த்ததும் கூலி அவர்கள் கைக்கே சென்றதால்தான். தைத்தவளுக்குச் சிறு காசும் இடைநின்றவனுக்குப் பெரும் பொருளும் சேரும் இடங்களில் தாய் தன் மகளுக்கு அத்தொழிலைக் கற்பிக்க விரும்ப மாட்டாள். அவளைக் குறை கூறுதல் நம் கடன் அன்று.

மூன்றாவது, இக்கல்வி ஏட்டில் இல்லை. இழை எண்ணும் முறையைத் தோடப்பெண் எழுதி வைக்கவில்லை. அருகில் அமர்ந்து பார்த்துக் கற்றாள். ஒரு தலைமுறை பார்க்கத் தவறினால் அடுத்த தலைமுறைக்குக் காட்டுவார் இல்லை. சிட்டிலிங்கியில் ஓரிரு மூதாட்டியர் இருந்தமையால் கலை மீண்டது. அவர்களும் மறைந்த பின்னர் அம்முயற்சி தொடங்கியிருந்தால், பழைய துணியைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் நாம் செய்யத்தக்கது

சிராங்கூன் சாலையின் புடைவைக் கடைகளையும், தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் உள்ள துணிக்கடைகளையும் தையற்கடைகளையும் நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். இன்று மணப்பெண்ணின் இரவிக்கையில் 'ஆரி' வேலைப்பாடு பெருவழக்காகிவிட்டது. கொக்கி போன்ற முனையுடைய ஊசியால், சட்டத்தில் கட்டிய துணியில் சங்கிலி சங்கிலியாகத் தைப்பதே ஆரி வேலை. வட இந்தியாவில் வளர்ந்த இக்கலை தமிழகத்து நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பரவி, பெண்கள் பலருக்கு வீட்டுத்தொழிலாகியுள்ளது. திருமண வேளை என்னும் வழக்கு அதற்கு இருப்பதால் அது வாழ்கிறது. மேற்கூறிய முதல் உண்மைக்கு இது கண்கூடான சான்று. அத்தகைய இரவிக்கையை வாங்கும்போது, இது எந்த ஊரில் யார் கையால் தைக்கப்பட்டது என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டால், அக்கேள்வியே பெயரற்ற கைக்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.

தமிழாசிரியர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. தையற்கலை நம் மொழிக்குப் பல சொற்களைத் தந்துள்ளது. ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், காம்புத்தையல், முடிச்சுத்தையல், காசாப் போடுதல், ஓரம் மடித்தல், இழை பிரித்தல், ஒட்டுப்போடுதல் எனப் பல சொற்கள் நம் பாட்டிமார் நாவில் வழங்கின. முன்னாளில் பெண்கள் தையல் வகுப்பில் இவற்றைக் கேட்டனர், செய்தனர். இன்றைய மாணவர் பலர்க்கு இச்சொற்கள் அகராதிச் சொற்களாகக்கூட இல்லை. தொழில் போகும்போது அதன் சொல்லும் உடன்போகிறது. மலாக்காச் செட்டிகளின் வீட்டில் தமிழ் மறைந்ததும் ஒரே நாளில் அன்று. சமையலறையிலும் முற்றத்திலும் ஒவ்வொரு சொல்லாக மறைந்திருக்கும்.

ஆகவே, தமிழ் வகுப்பில் ஒரு சிறு பயிற்சி தரலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடமோ அத்தையிடமோ பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமோ சென்று, அவர் அறிந்த தையல் வகை ஒன்றைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். அதன் பெயரைத் தமிழில் கேட்டு எழுத வேண்டும். யாரிடம், எந்த ஊரில், எந்த வயதில் அவர் கற்றார் என்பதையும் எழுத வேண்டும். இறுதியில் அவருடைய பெயரையும் எழுத வேண்டும். ஐந்நூறு சொற்கள் வேண்டா; ஐம்பது சொற்கள் போதும். அவ்வேடுகள் வகுப்பு நூலகத்தில் இருக்கட்டும்.

பவணந்தியார் புலவனை நூல் நூற்கும் பெண்ணாக உருவகித்தார். அப்பெண்ணின் பெயரைக் கூறவில்லை. அவள் எல்லாப் பெண்ணுக்கும் பொதுவான உருவம் என்பதால் அவர் கூற வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நம் மாணவரின் பாட்டிக்குப் பெயர் உண்டு. அதை எழுதிவைக்கும் காலம் இதுவே. அவர் ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குக் கண்ணொளி எஞ்சியிருக்கும் காலமும் இதுவே.